உள்ளே ஐந்து

லுவ்சந்தாஷின் வேனுக்கு ஐந்து போல்ட்.
அவன் வாங்கிவந்த சக்கரங்களுக்கு ஆறு துளை.
எங்கோ கவிழ்ந்த ஜப்பான் ஜீப்பில் கழற்றியவை,
நான்கும் சேர்த்து மூன்று ஆட்டு விலை.
ஐந்தும் ஆறும் ஒன்றோடொன்று பேசாது.
நடுவில் ஒரு துபாஷி வேண்டும்.

அதையும் அவனே கொண்டுவந்திருந்தான்,
செய்தித்தாளில் சுற்றிய நான்கு அலுமினிய வட்டுகள்,
இரண்டு விரல் கனம்.
"மாட்டிக் கொடு நான்சல்மா,
சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளட்டும்,
மல்யுத்தக்காரன் காலை அகட்டி நிற்கிற மாதிரி."

நான் அடாப்டருக்கு விரோதி இல்லை.
அர்வைகேரில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை;
ஒழுங்காக உட்கார்ந்தவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.
நடுத்துளை ஹப்பின் கழுத்தைக்
காலர் போலக் கவ்வ வேண்டும்.
துருவைச் சுரண்டிச் சுரண்டி
இரும்பு பல்லைக் காட்டும்வரை விடக் கூடாது.
எடையைப் போல்ட் சுமக்கிறதென்று
எல்லோரும் நினைக்கிறார்கள்.
இல்லை. முகத்தோடு முகம் அழுந்துகிறதே,
அந்த இறுக்கம்தான் சுமக்கிறது.
இடையில் ஒரு மணல் படுத்திருந்தால் போதும்.
இந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்.

சுரண்டினேன். துடைத்தேன்.
வட்டை ஹப்பில் வைத்து ஐந்து நட்டு.
டார்க் ரெஞ்ச் ஐந்து முறை சொடுக்கியது.
அதன்மேல் சக்கரம், ஆறு நட்டு.
ஆறு சொடுக்கு.
"ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்து,
மறுபடி இறுக்கு" என்றேன்.
ரெஞ்சையும் இரவல் கொடுத்தேன்.

நிறுத்தியிருக்கிறான்.
காற்றில் மண்டியிட்டு நான்கு சக்கரம், இருபத்து நான்கு நட்டு,
ஒன்றுவிடாமல் சொடுக்க வைத்திருக்கிறான்.
அவன் மனைவி தோல்யாவே சொன்னாள்,
ஒவ்வொன்றுக்கும் உரக்க எண்ணினானாம்.

எண்ணாத ஐந்து உள்ளே இருந்தன.
சக்கரத்தைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

முந்நூறாவது கிலோமீட்டரில் ஒரு துடிப்பு.
ரோடு சரியில்லை என்றான்.
ரோடு என்றைக்குச் சரியாக இருந்தது?
பிறகு பின்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்தது.
தோல்யா கண்ணாடி வழியே பார்த்திருக்கிறாள்,
ஒரு சக்கரம் தங்களை முந்திப் போவதை.
"யாரோடது?" என்று கேட்டாளாம்.

மரம் இல்லை, சுவர் இல்லை, வேலி இல்லை.
தடுக்க ஆளில்லாத புல்வெளியில்
அது போய்க்கொண்டே இருந்தது.
மூட்டை பிரிந்து ஆட்டு ரோமம் பறந்தது,
ஒரு வருஷ வருமானம்
வேனைச் சுற்றிப் பனி மாதிரி இறங்கியது.
யாருக்கும் அடியில்லை. தோல்யாவுக்கு உதடு கிழிந்தது.
அது அடியில்லையா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு குதிரைக்காரன்
சக்கரத்தைச் சேணத்தில் கட்டிக் கொண்டுவந்தான்.
வட்டு அதிலேயே ஒட்டியிருந்தது.
வெளியே ஆறு நட்டும் அசையவில்லை.
நானே ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன்: சொடுக்கு, சொடுக்கு.
உள்பக்கம் ஐந்து துளையும்
தேய்ந்து முட்டை வடிவில் நீண்டிருந்தன.

லுவ்சந்தாஷ் கோபப்படவில்லை.
தேநீரை ஊதி ஊதிக் குடித்தான்.
"நீ சொன்னபடிதான் செய்தேன்" என்றான்.

இறுக்கு என்றேன்.
கழற்றி இறுக்கு என்றேனா?
எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று
நானே பேசி நானே கேட்டுக்கொண்டேன்.

என் பழைய இரும்புக் குவியலில் தோண்டி
ஐந்து துளைச் சக்கரம் நான்கு எடுத்தேன்.
ஒன்று நெளிசல், தட்டிச் சரிசெய்தேன்.
காசு வாங்கவில்லை, அவன் கொடுக்கவும் இல்லை.
வேன் இப்போது மல்யுத்தக்காரன் மாதிரி இல்லை,
தபால்காரன் மாதிரி ஒடுங்கி நிற்கிறது.

முட்டைத் துளை வட்டு கதவருகே ஆணியில் தொங்குகிறது.
அடாப்டரோடு வருகிறவர்கள் அதில் விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.
நான் சாக்குக்கட்டியால் டயரில் எழுதுகிறேன்:
கழற்று. உள்ளே ஐந்து.
மழை வந்தால் அழிந்துவிடும்.
அதனால் வாயாலும் சொல்கிறேன்,
இரண்டு முறை,
அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை
சாவியைத் தருவதில்லை.